பைண்டர் நைனா கடை, பழைய வண்ணாரப்பேட்டை: பட்டவர்கள் எழுதிய புத்தகங்கள் கிடைக்கும் இடம்

வடசென்னையில் எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தைத் தாண்டி, பக்கத்துச் சந்துக்குள் இருக்கிற இந்தப் பழைய புத்தகக் கடையைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. "பைண்டர் நைனா கடை" என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

நான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஐ.டி.ஐ. முடித்து அப்ரெண்டிஸாக வருகிற பிள்ளைகளுக்கு வேலை பழக்குவது என் பொறுப்பு. அவர்களுக்குப் படிக்கக் கொடுக்கப் புத்தகம் தேடித்தான் இந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். வேலை கற்றுக்கொள்கிற எவருக்கும், நோயோடு வாழப் பழகுகிற எவருக்கும் இந்தக் கடையைத் தயங்காமல் சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடை என்றால் ஒரு பழைய வீட்டின் திண்ணையை மறைத்துக் கட்டிய பத்தடி இடம். முன்னால் வழக்கம்போல டி.என்.பி.எஸ்.சி. கைடு, பத்தாம் வகுப்பு வினா வங்கி, பழைய வார இதழ்கள். இதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். உள்ளே இடது பக்கச் சுவரில் ஒரு மரத் தட்டு இருக்கிறது. விஷயம் அங்கேதான். மற்ற கடைகளில் சமையல் ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பார்கள். இந்தத் தட்டில் அப்படி இல்லை. வயர்மேன் கையேடு, படகு இன்ஜின் பழுதுபார்க்கிற புத்தகம், சர்க்கரை நோயாளி ஒருவர் எழுதியது, லாரி ஓட்டியவர் எழுதியது, பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது எல்லாம் கலந்து நிற்கும். எழுதியவர் தனக்கு நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்க வேண்டும், அந்தத் தட்டில் இடம் பிடிக்க அதுதான் தகுதி. எந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கிறாரோ அந்த இடத்தில் தினசரிப் பேப்பரைக் கிழித்த துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்.

நைனாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பாரிமுனைப் பக்கம் அச்சகங்களுக்கு பைண்டிங் வேலை செய்தவர். பாரம் (பக்கங்கள் அச்சான பெரிய தாள்) மடிப்பது, தைப்பது, அட்டை கட்டுவது எல்லாம் கைவேலையாக இருந்த காலம் அது. மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அந்தப் பசையை இப்போதும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார், முதுகு பிரிந்து வருகிற புத்தகங்களுக்காக. ஏன் நைனா இப்படித் தனியாகத் தட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பாரம் மடிக்கிறப்போ கை தானா ஓடும் தம்பி. கண்ணு எழுத்து மேல நிக்கும். விதி, அட்டவணைன்னு வந்தா கை பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும். 'அன்னிக்கி இன்னா ஆச்சுன்னா'ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான்னு வெச்சுக்கோ, கை நின்னுடும். மேஸ்திரி கத்துவாரு. எத்தினி தடவ கத்து வாங்கிருப்பேன்! கை எங்க நின்னுச்சோ அந்தப் புக்கெல்லாந்தான் இங்க கீது."

இதைவிட நல்ல தேர்வுமுறை எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே வாங்கியதில் எனக்கு மிகவும் பயன்பட்டது, அட்டையும் முதல் சில பக்கங்களும் போன ஒரு வயர்மேன் கையேடு. எழுதியவர் பெயர்கூடத் தெரியாது. அதில் பேப்பர்த் துண்டு இருந்த இடத்தில், ஓர் அரிசி ஆலையில் நடந்ததை அவர் எழுதியிருக்கிறார். மோட்டாரில் கனெக்‌ஷன் பார்க்க வேண்டும். மெயினை அணைத்து, மூன்று பியூஸ் கேரியரையும் உருவி, மெயின் பெட்டியின் தலைமேலேயே வைத்துவிட்டு, உதவியாளை வேலை பார்க்கச் சொல்லிவிட்டு ஒயர் எடுக்க வெளியே போகிறார். அந்த நேரம் ஆலைப் பையன் ஒருவன் வருகிறான். மோட்டார் ஓடவில்லை, பியூஸ் வெளியே கிடக்கிறது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, நல்ல எண்ணத்தோடு மூன்றையும் செருகி மெயினைப் போட்டுவிடுகிறான். உதவியாளுக்கு உயிர் தப்பியது, வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு எங்கே வேலை செய்தாலும் பியூஸ் கேரியரைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன், பை கனத்தால்தான் மனம் நிம்மதியாக இருக்கும் என்று முடிக்கிறார். மொத்தம் ஒன்றரைப் பக்கம்.

"மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யவும்" என்ற விதி எல்லா கையேட்டிலும் இருக்கிறது. கட்டம் கட்டி, சிவப்பு எழுத்தில், ஆறாவதாகவோ ஏழாவதாகவோ இருக்கும். பிள்ளைகள் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் அதற்கு மேலேயும் ஏற்பாடு உண்டு. அவரவருக்கு ஒரு பூட்டு, அவரவரிடம் அதன் சாவி. ஒரு மோட்டாரில் மூன்று பேர் வேலை செய்தால் ஸ்விட்சில் மூன்று பூட்டு தொங்கும். கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை யாராலும் கரன்ட்டைப் போட முடியாது. இதைப் படம் போட்டு வகுப்பு எடுக்கிறோம், பரீட்சை வைக்கிறோம். எல்லாரும் பாஸ். ஆனால் லைன் நின்றுபோய், புரொடக்‌ஷன்காரர் தலைமேல் நின்று அவசரப்படுத்தும்போது, "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று பூட்டை மறந்துவிட்டுக் கை வைக்கப் போவார்கள். விதி தெரியாமல் இல்லை. அந்த விதி எதைத் தடுக்க வந்தது என்பது அவர்கள் கண்ணில் தெரியவில்லை.

அரிசி ஆலைக் கதையை ஒரு பேட்ச் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த வாரம் ஒரு சம்ப் பம்ப்பில், அதாவது குழியில் சேரும் தண்ணீரை இறைக்கிற மோட்டாரில், வேலை. இரண்டாம் ஆண்டு அப்ரெண்டிஸ் பெண் ஒருத்தி பேனலைத் திறக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா தேடுறே?" என்றேன்.

"இங்க அந்த ரைஸ் மில் பையன் யாருன்னு பாக்குறேன் சார்."

கன்ட்ரோல் ரூம் ஆளா, ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கு வரப்போகிற ஆபரேட்டரா என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சம்ப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆளே வேணாம் சார். ஃப்ளோட் ஸ்விட்ச் இருக்கு. தண்ணி ஏறினா மோட்டார் தானா ஓடும். அதுதான் இங்க ரைஸ் மில் பையன்."

இத்தனை வருஷ சர்வீஸில் நான் கேட்ட மிகச் சிறந்த பதில்களில் அது ஒன்று. அந்தக் கையேட்டில் ஃப்ளோட் ஸ்விட்ச் பற்றி ஒரு வரி கிடையாது. அரிசி ஆலையையே அந்தப் பெண் பார்த்ததில்லை. ஆனால் நாம் அணைத்து வைத்த கரன்ட்டை நமக்குத் தெரியாமல் இன்னொன்று திரும்பக் கொண்டுவரும் என்பதை அந்தக் கதையிலிருந்து எடுத்து, ஆளே இல்லாத இடத்தில் பொருத்திப் பார்த்தாள். ஒப்பிப்பது வேறு, இது வேறு. பிள்ளைகள் இப்போது எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

கதை மனதில் நிற்கும் என்பதற்குச் சோதனை செய்து பார்த்த கணக்கே உண்டு. 1969ல் ஸ்டான்ஃபோர்டில் கார்டன் பவர், மிக்கல் கிளார்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துப் பத்துச் சொற்களாகப் பன்னிரண்டு பட்டியல் கொடுத்தார்கள். ஒவ்வொரு பட்டியலையும் ஒரு கதையாகக் கோத்துப் படித்தவர்கள் கடைசியில் 93 சதவீதச் சொற்களைச் சொன்னார்கள். சும்மா படித்தவர்கள் சொன்னது 13 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. ஆனால் ஞாபகம் பாதி வேலைதான். சொந்தக் கதை அதற்கு மேலேயும் ஒன்று செய்கிறது. முடிவெடுக்கிற அந்த நொடியில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. பியூஸை எங்கே வைப்பது என்று அந்த மனிதர் யோசிக்காமல் விட்ட நொடி எது என்று நமக்குத் தெரிகிறது. அதே நொடி நம் வேலையில் வரும்போது அடையாளம் தெரிந்துவிடுகிறது.

அந்தத் தட்டில் விஞ்ஞானிகள் வாழ்க்கை வரலாறு சிலதும் உண்டு. ஃபாரடே பற்றிய ஒன்றை நைனா எனக்குத் தனியாக எடுத்துக் கொடுத்தார், "நம்ம ஆளு" என்று சொல்லி. உண்மைதான், மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் தொழில் பழகப் போனவர். 1805ல், பதினாலு வயதில். பைண்ட் செய்ய வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் என்ற தலைப்பைப் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் புத்தகத்தைப் படித்தார். அந்தப் புத்தகம் ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் உரையாடுவதுபோல எழுதியது. பிறகு ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அதைத் தன் கையாலேயே பைண்ட் செய்து அவருக்கு அனுப்பி, 1813ல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளாகச் சேர்ந்தார். 1831ல் அவர் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலை நம்பித்தான் இன்றைக்கு என் தொழிற்சாலையில் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரும் நிற்கிறது.

இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில், ஒன்பது, பத்தாம் வகுப்பு படிக்கும் 402 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த லின்-சீக்லரும் உடன் இருந்தவர்களும் 2016ல் அதை வெளியிட்டார்கள். ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே மூவரையும் பற்றி ஒரு பகுதியினருக்குச் சாதனைகளை மட்டும் படிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் பட்ட கஷ்டத்தையும், சோதனை தோற்ற கதைகளையும் கொடுத்தார்கள். கஷ்டத்தைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் கூடியது. முன்னால் குறைவாக வாங்கியவர்களுக்குத்தான் அதிகப் பலன். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பலர் "இதெல்லாம் மூளை இருக்கிறவங்களுக்கு" என்று வீட்டிலேயே சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். வியாசர்பாடியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வருகிற பையனுக்கு, புத்தகம் தைத்துக்கொண்டிருந்த ஒரு பையனின் கதை வேண்டியிருக்கிறது. மின்காந்தத் தூண்டலின் சூத்திரம் அதற்கப்புறம் ஏறும்.

தொழிலுக்கு வெளியேயும் சொல்கிறேன். திரு.வி.க. 1944ல் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்புகளின் பழைய பிரதி ஒன்றை இங்கேதான் பார்த்தேன். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது, பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக. இந்த வரியைப் பொது அறிவு கைடில் எல்லாப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். அங்கே நின்ற திரு.வி.க. தன் வாயால் சொல்லும்போதுதான் அது பெரம்பூரிலும் ஓட்டேரியிலும் நடந்த விஷயம், நம் தாத்தா காலத்து ஆட்கள் பட்ட பாடு என்று உறைக்கிறது. அந்த ஆலை 1996ல் மூடியாயிற்று. என் அப்ரெண்டிஸ்களுக்கு அதன் சங்கொலி எப்படி இருக்கும் என்று தெரியாது.

என் அக்காவுக்குச் சர்க்கரை. டாக்டர் "காலைக் கவனமாப் பாத்துக்கோங்கம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அக்கா தலையாட்டிவிட்டு வரும். இங்கே வாங்கிய ஒரு சிறு புத்தகத்தில், எழுதியவர் சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றிவிட்டு வந்ததை எழுதியிருக்கிறார். காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் சுட்டதே தெரியவில்லை. ராத்திரி பேத்தி சொல்லித்தான் பாதம் கொப்பளித்திருப்பதைப் பார்க்கிறார். இதைப் படித்ததிலிருந்து அக்கா தினமும் படுக்கப்போகும் முன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறது. யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

இனி, கவனிக்க வேண்டியது. கதை இவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்றால் தப்பான கதையும் அதே ஆழத்துக்குப் பதியும். இதே தட்டில் இன்னொரு பழைய தொழில் புத்தகம் இருந்தது. அதில் ஒருவர், முப்பது வருஷம் கையுறை போடாமல் லைனில் வேலை பார்த்தேன், ஒரு தடவைகூட அடித்ததில்லை என்று பெருமையாக எழுதியிருந்தார். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் கையில் அது போனால் என்ன ஆகும்? தப்பித்தவர்தான் புத்தகம் எழுதுகிறார். தப்பிக்காதவர் எழுத வருவதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்தேன், சர்க்கரை ஓடிப்போயிற்று என்கிற புத்தகங்களும் இந்த ரகம்தான். ஒருவருக்கு நடந்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது நமக்கு வழி ஆகாது.

நைனாவிடம் இதைச் சொன்னேன். கையுறைப் புத்தகத்தை அப்போதே தட்டிலிருந்து எடுத்துவிட்டார். கஷாயப் புத்தகங்களை எடுக்க மனமில்லை, அதற்கு ஆள் வருகிறது என்றார். இது எனக்கு ஒப்பவில்லை. அடுத்த முறையும் சொல்லத்தான் போகிறேன். அதுவரை இந்தத் தட்டில் வைத்தியப் புத்தகம் எடுப்பவர்கள், எழுதியவர் என்ன செய்தார் என்பதோடு டாக்டரிடம் போனாரா என்றும் பார்த்து எடுங்கள்.

எலக்ட்ரிக்கல் புத்தகங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பெரும்பாலானவை பழசு. பியூஸ் கம்பி கட்டுவது பற்றி நாலு பக்கம் இருக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரன்ட்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. பற்றி ஒன்றுமே இருக்காது. டெஸ்டரை மட்டும் நம்பிக் கை வைக்கச் சொல்கிற புத்தகங்களும் உண்டு. வேலை செய்யப்போகும் இடத்தில் கரன்ட் இல்லை என்று பார்ப்பதற்கு முன்னும் பின்னும், கரன்ட் இருக்கிற இடத்தில் அந்தக் கருவியைச் சோதிக்க வேண்டும், கருவியே செத்திருக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கிற கையேடு இங்கே எனக்கு இன்னும் அகப்படவில்லை. கதைக்காக இந்தப் புத்தகங்களை வாங்குங்கள், விதிக்குப் புதிய கையேட்டைப் பாருங்கள்.

மற்ற குறைகள்: வெளிச்சம் போதாது, ஒரே ஒரு டியூப் லைட். மழைக்காலத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நமுத்துப்போகும், வாங்கும் முன் விரித்து மோந்து பாருங்கள். விலையை நைனா பார்வையாலேயே சொல்வார், அன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று. பெண்கள் தங்கள் தொழிலைப் பற்றி எழுதியது அந்தத் தட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நர்ஸ் ஒருவர் எழுதியது, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவர் எழுதியது, அவ்வளவுதான். "அவங்க எழுதி வந்தாத்தானே நான் மடிச்சிருப்பேன்" என்றார் நைனா. நியாயம்தான்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு எங்கள் பிரிவில் ஒரு நோட்டுப் போட்டோம். அடிபட இருந்து தப்பியதை, யாருக்கு நடந்ததோ அவர்களே தங்கள் கையெழுத்தில் எழுத வேண்டும். பெயர் போட வேண்டியதில்லை, திட்டும் கிடையாது. ஃப்ளோட் ஸ்விட்சைக் கண்டுபிடித்த பெண்தான் முதல் பக்கம் எழுதினாள். நோட்டு நிறைந்ததும் நைனாவிடம் கொடுத்து பைண்ட் செய்தோம். காலிகோ துணி முதுகு, கெட்டி அட்டை, நூல் தையல், 120 ரூபாய். திருப்பிக் கொடுக்கும்போது ஆறேழு இடத்தில் பேப்பர்த் துண்டு வைத்திருந்தார். சொந்தமாக எழுதிய கையெழுத்துப் பிரதி, பாட்டியின் சமையல் நோட்டு என்று எதைக் கொடுத்தாலும் தைத்துக் கொடுப்பார். இந்த வேலை இப்போது வேறெங்கும் இவ்வளவு சுத்தமாகக் கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோட்டுக்கு நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ வரலாம். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகைக்கு முந்தின வாரமும் அந்தப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, வார நாளில் போங்கள். கடை காலை பதினொன்றுக்கு மேல்தான் திறக்கும், மதியம் சாப்பாட்டுக்கு மூடுவார். சிறு புத்தகம் 30 ரூபாயிலிருந்து, கெட்டி அட்டை 80, 100. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை கையில் வரும். ஃபோனில் பணம் அனுப்புவது அவருக்குப் பிடிக்காது, சில்லறையாக எடுத்துப் போங்கள். பைண்டிங்குக்குக் கொடுத்தால் ஒரு வாரம் ஆகும். மழை பிடித்துக்கொண்டால் பசை காயாது, பத்து நாள் பிடிக்கும்.